காலை மாத்திரைக்கு எதிரே ஒரு டிக்

மின்விசிறி இந்த அளவுக்குப் போதும் ஐயா, கூட்டி வைத்தால் எனக்குச் சளி பிடித்துவிடும். நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி இருபத்தெட்டு வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கவுன்டரில் நின்றவள். டாக்டரின் கிறுக்கலைப் படித்துவிட்டு, "இந்த அளவு சரியான்னு கேட்டுட்டு வாங்க" என்று சீட்டைத் திருப்பி அனுப்பும் கெட்டிக்காரி. வீட்டிலும் அப்படித்தான். நான் எதைத் தொட்டாலும், "தள்ளுங்க, நானே பண்ணிக்கிறேன்" என்பாள். கோபமெல்லாம் இல்லை, அவசரம்.

போன வருடம் அவளுக்கு லேசான பக்கவாதம் வந்தது. பத்தே நாளில் கையும் காலும் பழையபடி ஆகிவிட்டன. பார்க்க வந்தவர்கள், "ஒண்ணுமே ஆகாத மாதிரி இருக்கீங்களே" என்றார்கள். கூட இருந்த எனக்குத்தான் தெரியும். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் நிற்பாள். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் காதைப் பொத்திக்கொள்வாள். கத்தரிக்கோலை "அந்த வெட்டறது" என்பாள். நிமிடத்துக்கு ஒரு தரம், "எங்க இருக்கீங்க?" என்று கூப்பிடுவாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைத் தேடியது அந்த மாதங்களில்தான். நான் சந்தோஷமாக இருந்தேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

பிறகு அவளுக்கு ஞாபகப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மா வர ஆரம்பித்தார். ஒரு நோட்டு கொடுத்தார். நாளுக்கு ஒரு பக்கம். மாத்திரை, குளியல், நடை என்று எழுதி, முடித்ததற்கு எதிரே டிக் போட வேண்டும். "உங்க ஞாபகம் ஒண்ணு சொல்லி, நோட்டு வேற சொன்னா, நோட்டைத்தான் நம்பணும்" என்றார்.

என் மனைவி நல்ல மாணவி. ஐந்து மாதத்தில், "அரை நாள் வேலைக்குப் போய்ப் பாக்கலாமே" என்றார் அந்த அம்மா. அன்று சாயங்காலம் அவளே டீ போட்டு எடுத்து வந்தாள். "எனக்காக வீட்லயே அடைஞ்சு கிடந்தீங்க, பாவம். இனிமே உங்க பாட்டுக்கு இருங்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதற்கு முன் முப்பது வருடம் என் பாட்டுக்குத்தான் இருந்தேன் ஐயா.

முதலில், அவள் கிளம்பும் முன்பே நடைக்கு எதிரே ஒரு டிக் போட்டேன். செருப்பை மாட்டியவள் நோட்டைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"நான் போயிட்டு வந்துட்டேனா?"

"வந்து அரை மணி நேரம் ஆச்சேம்மா."

என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் விடவில்லை.

அடுத்தது காலை மாத்திரை. ரத்தம் உறையாமல் இருக்கப் போடுவது. அவள் எழுவதற்குள், கிழமைவாரியாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டியிலிருந்து அன்றைக்கு உள்ளதை எடுத்துவிட்டு டிக் போட்டுவிடுவேன். "போட்ட ஞாபகமே இல்லையே" என்பாள். "டிக் இருக்கு, பெட்டி காலி. அப்புறம் என்ன?" என்பேன். இரண்டு தரம் போட்டால் ஆபத்து என்று அவளுக்கா தெரியாது? இன்னொன்று போடாமல் விட்டுவிடுவாள். கடைசியில் அந்த அம்மாவிடம் அவளே அழுதாள்: "வேலை வேண்டாம்மா. எனக்குத் திரும்பவும் எல்லாம் குழம்புது."

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நாற்பத்து மூன்று நாள் செய்தேன். மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். முதல் தடவை வீட்டுக்கு அனுப்பும்போதே டாக்டர் என்னைத்தான் உட்கார வைத்துச் சொன்னார்.

இரண்டாவது பக்கவாதம் லேசாக வரவில்லை. குளியலறை வாசலில் விழுந்தாள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும். அந்த அம்மா நோட்டைக் கேட்டு வாங்கிப் போனார். தினமும் சீக்கிரம் எழுந்து போடச் சோம்பல்பட்டு, அந்த வாரம் முழுவதற்கும் நான் ஒரே மூச்சில் டிக் போட்டு வைத்திருந்தேன். அவள் நினைவில்லாமல் கிடந்த நாலு நாளும் காலை மாத்திரை போட்டதாக அதில் இருந்தது.

ஆமாம் ஐயா, நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவிட்டால் நல்லது, அவளுக்குச் சாப்பாட்டு நேரம். நான் கரண்டியை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுகிறாள். நர்ஸ் ஊட்டினால் மடமடவென்று சாப்பிடுகிறாள். என்னிடம் மட்டும்தான் அந்தச் செல்லம்.