குழிக்குள்ளிருந்து வந்த கனத்த குரல்

போன வாரம் கேபிள் குழியில் மயங்கி விழுந்த எங்கள் மாமா, என் அக்காவின் கணவர், இன்று காலை கண் விழித்து, வாய் திறந்து, தன் சொந்தக் குரலிலேயே பேசிவிட்டார், பேசிவிட்டார், பேசியேவிட்டார்!

தலைமை ஏற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, சுவிட்ச் அறைச் சூட்டிலே தலை நரைத்த பெரியவர்களே, வேலைக்குப் போனவர் திரும்பும்வரை வாசலிலிருந்து கண்ணெடுக்காத தாய்மார்களே, போனைத் தூக்கிப் பிடித்து நேரலையில் காட்டிக்கொண்டிருக்கும் என் செல்லங்களே, வணக்கம்!

பொறுங்கள், இப்போதே கை தட்டாதீர்கள். மாமா முதலில் என்ன சொன்னார் தெரியுமா? "அது இன்னும் அங்கதான் கிடக்கு." கேட்டதிலிருந்து என் உள்ளங்கை வேர்க்கிறது. இதோ, மைக்கே வழுக்குகிறது!

எது கிடக்கிறது? சல்பர் ஹெக்சாபுளோரைடு! சுவிட்சுக்குள்ளே தீப்பொறியை அடக்கும் வாயு. நீங்கள் எஸ்.எஃப்.சிக்ஸ் என்று செல்லமாய்க் கூப்பிடுவது.

நிறமுண்டா? இல்லை. மணமுண்டா? இல்லை. தீப்பிடிக்குமா? பிடிக்காது. விஷமா? சுத்தமாக இருந்தால் விஷமும் இல்லை! பிறகு ஏன் நடுங்குகிறேன்? காற்றைவிட ஐந்து மடங்கு கனம், ஐயா! கசிந்தால் பறக்காது, படியிறங்கும். பள்ளம் பார்த்துப் பாயும், பதுங்கும், படுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத குளம் அது! அதில் மூழ்குகிறவனுக்கு மூச்சு முட்டாது, இருமல் வராது. மூழ்குகிறோம் என்பதே தெரியாது.

உங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டே! யார் ஓய்வு பெற்றாலும் பலூனில் அதைப் பிடித்து, ஒரு வாய் இழுத்துவிட்டு, அது குரலைக் கனக்க வைத்ததும் அரக்கன் குரலில் வாழ்த்துவீர்கள். அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அண்ணே. இன்னும் கொஞ்ச நேரந்தான்.

அன்று மாமா, கை தவறி விழுந்த ஸ்பேனரை எடுக்க, சுவிட்ச் அறைக்குக் கீழே இருக்கும் கேபிள் குழிக்குள் இறங்கியிருந்தார். அந்த நேரம் பார்த்து அக்கா ஸ்பீக்கரில் போன் போட்டாள். பக்கத்தில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, பாப்பாவுக்கு ஷூ என்ன சைஸ் வாங்க?"

"போன தடவையைவிட ஒரு சைஸ் பெருசா வாங்கு."

"அதுக்கு ஏன் வில்லன் மாதிரி பேசுறீங்க? கூட ஆளுங்க இருந்தா கெத்தா?"

மேலே நின்ற கூட்டாளிகளின் கூச்சலும் போனில் கேட்டது. "டேய், அரக்கன் வந்துட்டான்டா! ஒரு பாட்டு பாடச் சொல்லு!"

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். இந்த வாயு நிரப்பிய தொட்டியில் காகிதப் படகு மிதக்கும் வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பேன்! குரல் கனத்தால் நெஞ்சுக்குள் அது நுழைந்துவிட்டது என்று பொருள். பலூன் இல்லாமல் எப்படி நுழைந்தது? எங்கோ கசிந்து, குழிக்குள் தேங்கியிருக்கிறது!

"மாமா! பேசாம மேல ஏறுங்க!"

"இரு மாப்ள... ஸ்பேனர் கைக்கு..."

அவ்வளவுதான். அதன் பிறகு போனில் வந்தது சிரிப்பு மட்டும். அந்தக் கனத்த குரல்தான் எச்சரிக்கை மணி, ஐயா! அதை நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள்.

அங்கேயே கிரேன் ஓட்டும் பெண்மணிக்கு, நீங்கள் விசில் என்று பட்டப்பெயர் வைத்து அழைப்பவருக்கு, போன் போட்டேன். அவர் ஓடிப்போய், மாமாவைத் தூக்க உள்ளே குதிக்கப்போன வெல்டரின் காலரைப் பிடித்து இழுத்தார். "நீயும் விழுந்தா யாருடா தூக்குறது? காத்துக் குழாயை உள்ள விடு!" முகமூடியும் காற்று சிலிண்டருமாக மீட்புக்காரர்கள் வந்துதான் மாமாவை மேலே கொண்டுவந்தார்கள்.

நேற்றுதான் கசிவை அடைத்தார்களாம். நாளை காலை அதே குழியில் வேலையாம். குழாயை அடைத்தீர்கள், குளத்தை இறைத்தீர்களா? குழியின் அடியில் கருவியை இறக்கி அளந்தவர் யார்? கை தூக்குங்கள்!

...ஒரு கை இல்லை. என் பயம் புரிகிறதா இப்போது?

நாளை இறங்கப்போகிற வெல்டர் அண்ணே, உங்களைத்தான் பார்க்கிறேன். அடியில் கிடப்பதை உறிஞ்சி எடுத்து, ஆக்சிஜனை அளந்து காட்டும்வரை ஒருவரும் இறங்கமாட்டோம் என்று சொல்லுங்கள்! தாய்மார்களே, போனில் குரல் கனத்தால் கேலி செய்யாதீர்கள். "மேல ஏறு" என்று கத்துங்கள். செல்லங்களே, பள்ளத்தில் இறங்கி வேலை செய்கிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் இந்த நேரலையை அனுப்புங்கள்!

நடுங்கிய குரலைப் பொறுத்துக் கேட்டதற்கு நன்றி, அனைவருக்கும் வணக்கம். மைக்கை வைத்துவிட்டு இங்கேயே நிற்கிறேன். இறங்கமாட்டோம் என்பவர்கள் கை தூக்குங்கள். முதல் கை யாருடையது?