அலட்டல் இல்லாத விருந்து

விருந்துக்கு ஆட்களைக் கூப்பிடுகிறவன் முதலில் செய்ய வேண்டியது, எல்லாவற்றையும் தானே சமைக்காமல் இருப்பது. ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இது என் கண்டுபிடிப்பு இல்லை சார். மச்சான் சொல்லிக்கொடுத்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கம்பெனி கம்பெனியாகப் போய், ஊழியர்களை நாற்காலியில் உட்காரவைத்து மூச்சுவிடக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பிறந்ததிலிருந்தே மூச்சுவிட்டுக்கொண்டிருப்பவர்கள் கைதட்டி, மாலை போட்டு அனுப்புவார்கள். வீட்டில் யார் தும்மினாலும் "டென்ஷன்" என்பார். மாமியார் மகனின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆண்டு இறுதி விடுமுறைக்கு எப்போதும் அவர் வீட்டில்தான் கூடுவோம். இந்த முறை என் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன். மனைவி போய் ஒரு வருடம் ஆகிறது, மாப்பிள்ளை தேறிவிட்டார் என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி.

"மாப்ள, நீங்க ஓடியாடி எதுவும் செய்யாதீங்க. வீடு குப்பையா இருந்தா இருக்கட்டும். கூப்பிட்டவர் ரிலாக்ஸா இருந்தாத்தான் வந்தவங்களும் ரிலாக்ஸா இருப்பாங்க," என்றார்.

"சரி மச்சான்."

"கூடையை மட்டும் மறந்துடாதீங்க."

கூடை அந்தக் குடும்பத்தின் சட்டம். வாசலிலேயே எல்லாரும் போனை அதில் போட்டுவிட வேண்டும். கூடையை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை வீட்டுக்காரர் வைத்துக்கொள்வார். கிளம்பும்போதுதான் திரும்பக் கிடைக்கும். பட்டம் வாங்கியவர்கள், நான்கு பேருக்குப் புத்தி சொல்கிறவர்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்டதில்லை.

மச்சான், அவர் மனைவி, மாமியார், நான். சாப்பாடு நன்றாகவே இருந்தது.

"தட்டை நான் கழுவிடறேன் தம்பி," என்றார் மச்சானின் மனைவி. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"உட்காரு. கழுவாத தட்டு யாரையும் கடிக்காது," என்றார் மச்சான். மாமியார் குலுங்கிச் சிரித்தார். எந்த விருந்திலும் கடைசியில் எல்லாத் தட்டையும் கழுவுவது அக்காதான்.

சீட்டுக்கட்டைப் பிரித்தபோது மச்சானின் நெற்றி வியர்த்திருந்தது. எழுந்துபோய் சோபாவில் சாய்ந்தார். இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது. நான் காப்பீட்டு அலுவலகத்தில் இறப்புக் கோப்புகளைச் சரிபார்க்கிறவன். அந்த வியர்வையையும் அந்தத் தோளையும் பல மருத்துவர்களின் கையெழுத்தில் படித்திருக்கிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லப்போவதில்லை.

அருகில் போய்க் குனிந்தேன்.

"மாப்ள, நெஞ்சைப் பிடிக்குது. ஆம்புலன்ஸுக்கு..." என்றார். எனக்கு மட்டும் கேட்கிற குரல். மேடையில் அவ்வளவு நிதானமாகப் பேசுகிறவருக்குப் பயம் கொஞ்சமும் பொருந்தவில்லை.

"டென்ஷன்தான் மச்சான். கண்ணை மூடி மூச்சை எண்ணுங்க."

போர்வை எடுத்துவந்து போர்த்தினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, கையைப் போர்வைக்குள் வைத்தேன். கண் கூசாமல் இருக்கட்டும் என்று திரைச்சீலையையும் இழுத்துவிட்டேன்.

"என்ன தம்பி அவருக்கு?" என்றார் அக்கா.

"அசந்துட்டாரு அக்கா."

"முகமே ஒரு மாதிரி இருக்கே. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேனே. என் போனை மட்டும் எடுத்துக் குடுங்க."

"குடுக்கறேன். லீவு நாள்லயும் டென்ஷனான்னு அவர் உங்களைத்தான் திட்டுவாரு. பரவாயில்லையா?"

அக்கா மாமியாரைப் பார்த்தார்.

"சும்மா இரேன்மா, அவன் தூங்கட்டும். யாரு ஆட்டம் இப்போ?" என்றார் மாமியார், சீட்டுகளை விசிறிபோல் விரித்தபடி.

அக்கா உட்கார்ந்துவிட்டார். சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. இரண்டாம் முறை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. புருஷன் உயிருக்காகக்கூட ஒரு சாவியை இரண்டாம் முறை கேட்கத் துணிவில்லாத குடும்பம் அது. மூன்று பேரும் நன்றாக விளையாடினோம். மாமியார்தான் ஜெயித்தார். நடுவில் ஒருமுறை போர்வை அசைந்தது. பிறகு அசையவில்லை.

பொழுது சாய்ந்து, கிளம்பலாம் என்று அக்கா அவரைத் தொட்டு எழுப்பப் போனார். அலமாரியைத் திறந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் என்று கேட்கிறீர்கள். போன வருட விருந்தில், தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது என்று என் மனைவி சொன்னபோது, நான் சொன்ன இதே வார்த்தைகளைத்தான் மச்சான் அவளிடம் சொன்னார். உள்ளறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அவர் கற்றுக்கொடுத்ததை அவருக்கே செய்தேன். கொலை என்றால் கொலைதான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளைக் கொன்றது அவர்.

அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றைக்கு நான் அக்கறை இல்லாமல் இருந்துவிடவில்லை சார். நடுவில் எழுந்துபோய்ப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தாள். "என்னங்க, பயமா இருக்கு. அண்ணன்கிட்ட சாவி வாங்கிட்டு வாங்க," என்றாள். அவர் ஆட்டத்தின் நடுவில் இருந்தார், கேட்டால் முகம் சுளிப்பார். "இந்த ஆட்டம் முடியட்டும்மா," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்து என் சீட்டுகளை எடுத்துக்கொண்டேன். விருந்தாளியாகப் போன இடத்தில் வேறென்ன செய்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.