பூட்டுக்காரனின் கால்

நேற்று அந்தப் பேனா உங்கள் சட்டையின் இடது பையில் இருந்தது. இன்று வலது பையிலிருந்து எடுக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை, ஐயா. இருபத்தெட்டு வருடம் இதைப் பார்த்தே வயிறு வளர்த்தவள். கண் தானாக அங்கே போய் நின்றுவிடுகிறது. தேநீரைக் குடியுங்கள், ஆறுகிறது. நான் எங்கும் ஓடிப்போய்விட மாட்டேன். நேற்று நீங்கள், "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்கம்மா" என்று ஸ்டேஷனிலிருந்து திருப்பி அனுப்பியும் இன்று வந்து உட்கார்ந்திருக்கிறேன் அல்லவா?

சினிமாவில் என் வேலைக்கு கன்டினியூட்டி என்று பெயர். ஒரே காட்சியைப் பத்து தடவை எடுப்பார்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு டேக். மிச்சத்தை ஒரு மாதம் கழித்து எடுப்பார்கள். முதல் தடவை டம்ளரில் பாதித் தண்ணீர் இருந்தால் கடைசித் தடவையும் பாதிதான் இருக்க வேண்டும். நெற்றிக் காயம் எந்தப் பக்கம், கட்டு எத்தனை சுற்று, எல்லாம் என் நோட்டில் இருக்கும். நடந்தது நடக்காததாக ஆகிவிடாமல் காவல் இருப்பவள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நான் படித்தது எட்டாவதுதான். ஆனால் நோட்டைப் பார்த்து நான் சொல்லிவிட்டால் இயக்குநர்கூட மறுபேச்சுப் பேச மாட்டார். இந்த வரியை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பூட்டுக்காரன் படங்கள் ஏழும் நான் வேலை பார்த்தவை. முதல் படத்தை இப்போது யாரும் பார்ப்பதில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். அவன் பூட்டு ரிப்பேர் செய்கிற சாதாரண ஆள். தொடக்கத்திலேயே ரவுடிகள் அவனுடைய இடது முழங்காலை நொறுக்கிவிடுகிறார்கள். கடைசியில் மூன்று மாடி ஏற வேண்டும். மேலே பூட்டிய அறைக்குள் தங்கை, கீழே துரத்திக்கொண்டு ஆட்கள். அவனால் ஓட முடியாது. கைப்பிடியைப் பற்றி, காலை இழுத்து, ஒவ்வொரு படியாக ஏறுவான். எட்டு நிமிடம் இசையே கிடையாது. திரையரங்கில் என் பக்கத்தில் இருந்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அவன் கதவைத் திறக்கும்போது தங்கை செத்துக் கிடப்பாள். ஒரு விசில் இல்லை, ஒரு கைதட்டல் இல்லை. விளக்கு போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. என் வேலைக்கு ஓர் அர்த்தம் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் படத்தில் கை நடுங்குவது வெளியே தெரியாமல் இருக்க விரலில் சாவியைச் சுழற்றுவான். இரண்டாம் படத்தில் அதையே சுழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அரங்கம் அதிர்ந்தது. நானும் கை தட்டினேன், மறைப்பானேன்? தெரிந்தவர் கூட்டத்தில் நம்மைப் பார்த்துக் கையசைத்தால் சந்தோஷம் வரத்தானே செய்யும். மூன்றாம் படத்தில் நான்கு தடவை சுழற்றினான். கை நடுக்கம் போன இடம் தெரியவில்லை. நான்காவதில் நடனம் வைத்தார்கள், நொண்டல் இடைவேளையோடு சரி. ஐந்தாவதில் செத்த தங்கை உயிரோடு வந்தாள், ரசிகர்கள் கேட்டார்களாம். ஆறாவதில் அவளைக் கொன்றவனே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து அண்ணனோடு கைகுலுக்கினான். அரங்கத்தில் காகிதத்தைக் கிழித்துப் பறக்கவிட்டார்கள்.

நான் சொல்லாமல் இல்லை. ஏழாவது படத்தின் முதல் நாளே இயக்குநரிடம் போனேன்.

"தம்பி, அவனுக்கு இடது கால் மடங்காதே. கூரைக்குக் கூரை தாவுறானே?"

"அக்கா, முதல் பாகம் வந்தப்போ நான் பத்தாங்கிளாஸ். அந்தக் காலை உலகத்துல நீங்க ஒருத்தர்தான் இன்னும் புடிச்சுத் தொங்கிட்டு இருக்கீங்க."

விளக்குப் போடுகிறவர்கள் சிரித்தார்கள்.

"செத்தவங்க எல்லாம் திரும்பி வந்தா, அவனுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு இனிமே யாரு பயப்படுவா?"

"எதுக்குப் பயப்படணும்? டிக்கெட் எடுத்தவன் சந்தோஷமா வீட்டுக்குப் போகட்டும். நீங்க பாட்டுக்கு டம்ளர்ல தண்ணியப் பாருங்கக்கா."

நல்ல பிள்ளைதான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கும் தண்ணீரைப் பார்த்தேன். பாதி இருந்தது.

பூட்டுக்காரனாக நடிக்கிற தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடப் பழக்கம். எத்தனை பெரிய ஆளான பிறகும், "அக்கா, போன டேக்ல எந்தக் கையில புடிச்சேன்?" என்று என்னிடம்தான் வந்து நிற்பார். மகள் படப்பிடிப்புக்கு வந்தால் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு செட்டெல்லாம் சுற்றுவார். தங்கமான மனிதர். அவருக்கு நான் ஒருநாளும் தீங்கு நினைத்ததில்லை.

ஏழாவது படத்தில் அவர் ஒரு கிடங்கின் மாடத்திலிருந்து குதிக்க வேண்டும். பத்தடி உயரம், கீழே சிமென்ட் தரை, கேமராவுக்குத் தெரியாமல் மெத்தை. இரண்டு டேக் முடிந்து சாப்பாட்டுக்கு விட்டார்கள். இடையில் தரையைக் கழுவுவதற்காக மெத்தையை எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்ததும் மெத்தை போடுகிறவர் என்னிடம் கேட்டார்.

"அக்கா, மெத்தை எங்க இருந்துச்சு?"

நோட்டைத் திறந்தேன். இடப்பக்கத் தூணை ஒட்டி என்று என் கையெழுத்தில் இருந்தது.

"தூணிலேர்ந்து ரெண்டடி தள்ளி" என்றேன்.

அவர் டேப் வைத்து அளந்து போட்டார். ஒழுங்கான மனிதர். சண்டைப் பயிற்சியாளர் வந்து, "அக்கா பாத்தாச்சா?" என்றார். பாத்தாச்சு என்றேன். அவர் மெத்தையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு நோட்டிலும் இரண்டடி என்று திருத்திவைத்தேன். இருபத்தெட்டு வருடத்தில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான். அதுதான் உறுத்துகிறது.

கணக்கு சுலபம். முதல் இரண்டு டேக்கிலும் நேராகக் குதித்தார். அதே மாதிரி குதித்தால் ஒரு கால் மெத்தையில் விழும், தூண் பக்கத்துக் கால் சிமென்டில் விழும். உயிருக்கு ஒன்றும் ஆகாது. அவரிடமிருந்து யாரோ எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது டேக்கில் அந்தரத்தில் சாவியைச் சுழற்றி, அப்படியே உடம்போடு பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை, ரசிகர்களுக்காக அவராகவே சேர்த்துக்கொண்டார். யூனிட்டில் இரண்டு பேர் விசிலடித்தார்கள். விசில் முடிவதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. உலர்ந்த மூங்கிலை முழங்காலில் வைத்து முறிப்பது மாதிரி. அப்புறம் ஒரு நிமிடம் செட்டில் யாரும் மூச்சுவிடவில்லை. முதல் படத்தின் அமைதி. அது மறுபடி கிடைத்ததில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்கு எவ்வளவு பாசம் என்று என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

மூன்று அறுவை சிகிச்சை, பதினைந்து மாதம். நான் பழம் வாங்கிக்கொண்டு போனேன். மாடிப்படி ஏற முடியாததால் கட்டிலைக் கூடத்துக்கு இறக்கிவிட்டார்கள். மகள் தோளில் ஏறக் கையை நீட்டியதும் அவருடைய மனைவி வந்து தூக்கிக்கொண்டு போனாள். "எல்லாம் என் தப்புதாங்கக்கா, ஸ்டைல் பண்ணப் போயி" என்றார். நான் மறுக்கவில்லை. ஓரளவுக்கு உண்மைதானே.

மெத்தை போடுகிறவரின் பெயர் உங்கள் கோப்பில் இருக்கிறது, அடித்துவிடுங்கள். அவர் நான் சொன்ன இடத்தில்தான் போட்டார். ஒன்றரை வருடமாக வேலை இல்லாமல் உங்கள் வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறார் என்று தெரியும். அவருக்காக வந்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். பொய்யாகிவிடும்.

போன வாரம் ஏழாவது படம் வந்தது. மிச்சக் காட்சிகளை அவர் இப்போது நொண்டி நடக்கிற மாதிரியே எடுத்திருந்தார்கள். நானே டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்ந்தேன். பூட்டுக்காரன் காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தான். அதை மெதுவாக்கி, ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முரசு அடி போட்டிருந்தார்கள். அரங்கம் எழுந்து நின்று கத்தியது. பக்கத்தில் ஒரு பெண் போனில் படம் எடுத்துக்கொண்டே, "செம்ம நடை!" என்றாள். இடைவேளையில் வாசலில் நாலு பேர் நொண்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பயப்படவில்லை. எட்டாவது படத்திலும் இந்த நடை உண்டு என்று இயக்குநர் மேடையில் சொல்லிவிட்டார்.

வருத்தமாக இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இல்லாமல் இருக்குமா, ஐயா? தொழிலில் இவ்வளவு பெரிய பிழை நான் செய்ததே இல்லை. அந்தரத்தில் அவர் திரும்பியதில் பக்கம் மாறிவிட்டது. சிமென்டில் விழுந்தது வலது கால். விழுந்த கணமே பார்த்துவிட்டேன், பார்க்காமல் இருக்க என் கண்ணுக்குத் தெரியாது. முதல் படத்தின் நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், இதோ, நான்காம் பக்கம்: இடது. திரையில் அவர் வலது காலை இழுக்கும்போது என் உடம்பு கூசிப்போனது.

எட்டாவது படம் தொடங்க இன்னும் ஏழு மாதம் இருக்கிறதாம். வழக்கு அதற்குள் முடிந்துவிடுமா? முந்தாநாள்தான் அந்தத் தம்பி போன் செய்து, "அக்கா, நீங்க இல்லாம நான் செட்டுக்கே வரமாட்டேன்" என்றார். அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. இடது கால் நன்றாகத்தான் இருக்கிறது.