மருந்து ஒத்துக்கல

எங்கள் பக்கத்தில் இங்கிலீஷில் எழுதிய தாள் எது கையில் கிடைத்தாலும் நாலாக மடித்து முந்தியில் முடிந்துகொள்வார்கள். பத்திரமாக வைப்பார்களே தவிர, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள். நீங்கள் வெளியூர்க்காரர் என்பதால் சொல்கிறேன் சார். என் வாக்குமூலத்தை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் வேகமாகப் பேசத் தெம்பில்லை.

பெயர் உபைதுல்லா. வயது ஐம்பத்திரண்டு. சிவகாசியில் அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். உள்ளே ஜெயச்சந்திரன் லென்ஸில் பார்த்து நோட்டில் குறித்துவைப்பார், காசநோய் என்றால் சிவப்பு மையில். அவர் சரியாகத்தான் குறித்தார், அவரை விட்டுவிடுங்கள். நான் அந்த நோட்டைப் பார்த்து ரிப்போர்ட் அடித்து, கவரில் போட்டு, ஜன்னல் வழியாகக் கொடுப்பேன். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வந்து வெறும் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். கவரை வாங்கியவர்கள் அதை என்னிடமே திருப்பி நீட்டி, என்ன போட்டிருக்கிறது என்று கேட்பார்கள். படித்துச் சொல்வது என் வேலை இல்லை. ஆனாலும் சொன்னேன்.

2002-இல் ஆமத்தூரிலிருந்து செல்லச்சாமி என்று ஒரு விவசாயி வந்தார். சளியில் காசநோய்க் கிருமி இருந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னேன். இரண்டாவதாகச் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. ஊரில் விஷயம் பரவி, அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். நாலாம் நாள் அவர் சொந்தக் கிணற்றில் கிடந்தார். அவரை நோய் கொல்லவில்லை சார். நான் சொன்ன சொல்தான் கொன்றது. எனக்கு ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. இனி யாருக்கும் அப்படிச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஊரே தயாராக ஒரு வார்த்தை வைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்துதான், வெடிக்குள் அடைப்பதும் மருந்துதான். பட்டாசு கம்பெனிக்குப் போகிறவர்கள் யார் இருமினாலும், மருந்து ஒத்துக்கல என்பார்கள். தூசி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு யாரும் பயப்பட மாட்டார்கள். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள்.

பஞ்சம்மாள் 2004-இல் வந்தாள். வெம்பக்கோட்டைக்காரி, வெடிக்கு மருந்து அடைக்கிற வேலை. மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கவரைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டினாள்.

"பாய், நல்லதா கெட்டதான்னு மட்டும் சொல்லிருங்க. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

"ஒண்ணுமில்லத்தா. மருந்து ஒத்துக்கல, அம்புட்டுத்தான்."

கவருக்குள்ளும் அதற்குத் தோதான தாளைத்தான் வைத்திருந்தேன். எந்த டாக்டரிடம் காட்டினாலும் காசநோய் இல்லை என்றுதான் படிப்பார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மறுவாரம் ஒரு பை நிறைய வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவந்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் அவளே பரிமாறினாள். இருமல் வரும்போது முந்தியை வாயில் அழுத்திக்கொண்டு, மறுபடி கரண்டியை எடுத்தாள். அத்தனை சந்தோஷமான ஒரு தாயை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தாள். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறீர்கள். பிழைத்திருக்கலாம். கல்யாணம் நின்றுபோயிருக்கும்.

பட்டாசு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அவள் கம்பெனியில் அதைச் சரியாகக் கடைப்பிடித்தார்கள். அவளோடு அந்த அறையில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் அடுத்த தீபாவளிக்குள் என் ஜன்னலுக்கு வந்தார்கள். மூன்று பேருக்கும் அதையே சொன்னேன். அவர்களில் சோலையம்மாள் மட்டும் இப்போது உயிரோடு இருக்கிறாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த முகங்கள் மலர்வதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. வீட்டிலும் வெளியிலும் என்னைப் பார்த்து வேறு யாரும் அப்படிச் சிரித்ததில்லை. வேலை முடிந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் உடம்பு கழன்று விழுகிற மாதிரி இருக்கும். அன்று நல்ல சேதி சொன்ன முகங்களை நினைத்துக்கொள்வேன். நோட்டில் சிவப்பு மையில் இருக்கிற பெயர்களை எண்ணி இருபத்தாறு என்கிறீர்கள். நான் எண்ணிப் பார்த்ததில்லை. செல்லச்சாமிக்குப் பிறகு ஒருவர்கூடக் கிணற்றில் விழவில்லை.

பஞ்சம்மாளின் மகள் பாண்டிலட்சுமி போன வருடம் வந்தாள், 2007 தை மாதம். ஆறு மாதக் கர்ப்பம். அவளே கேட்டாள் சார்.

"எங்கம்மாவுக்குச் சொன்னீகள்ல பாய், அதே மாதிரி எனக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லிருங்க."

சொன்னேன். அவள் முகம் அப்படியே அவள் அம்மா முகம். குழந்தை பிறந்து ஒன்பது நாள் இருந்ததாம். அவள் அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். நீங்கள் போய்க் கேட்டபோது, பாய் தங்கமானவர், அவரை ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று சொன்னதாக இப்போது படித்துக் காட்டினீர்கள். நோட்டில் என்ன இருந்தது என்று அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லாமலே விட்டுவிடுங்கள்.

கடைசியாகக் கேட்டீர்களே, உங்களுக்கு இந்த நோய் வந்ததா என்று. வந்தது. பாண்டிலட்சுமி வந்ததற்கு முந்தின வருடம். எங்கள் கூடத்தில் கொடுக்காமல் மதுரைக்குப் போய்ச் சளி கொடுத்தேன். ரிப்போர்ட்டை வாங்கி ரோட்டுக்கு இறங்கும் வரைகூடப் பொறுக்க முடியவில்லை, படியிலேயே கவரைக் கிழித்துப் பார்த்தேன். ஆறு மாதம் ஒருநாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டேன். மனைவி ஷாஹிதாவையும் மகள் அப்ரினையும் அந்த வாரமே கூட்டிப்போய்ப் பரிசோதித்தேன். அல்லாஹ் காப்பாற்றினான், அவர்களுக்கு ஒன்றுமில்லை. நான் குணமாகிவிட்டேன். ஆனால் அந்த ஆறு மாதமும் சரியான தூக்கமில்லை சார். யாருக்குத் தெரிந்துவிடுமோ, என்ன ஆகுமோ என்று ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைத்தேன். தெரிந்துகொள்வது எத்தனை பெரிய கஷ்டம் என்று அனுபவித்தவன் நான். அந்தக் கஷ்டத்தை அந்தப் பிள்ளை பாண்டிலட்சுமிக்கும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.