திரைக்குப் பின்னால் ஒச்சாயியின் குரல்

நான் குரல் கொடுத்தால், சிறுமலைக் குரங்குகூடத் தன் மாமியார்தான் கூப்பிடுகிறாள் என்று மலையிறங்கி வந்து கைகட்டி நிற்கும். திண்டுக்கல்–எரியோடு பேருந்தில் ஆயுசு முழுக்க நடத்துநராக இருந்தவன் நான். ஏறிய அத்தனை பேர் குரலும் என் தொண்டைக்குள் இறங்காமல் கிடக்கின்றன. ஊரில் ஒருத்தரும் இதை நம்பியதில்லை. புளுகுமூட்டை என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு அறக்கட்டளையில் வேலை கிடைத்தது. வெளிநாட்டு உதவியில் நடந்தது. அரசு அலுவலகத்தில் லஞ்சம் கேட்டால், ஜனங்கள் போனில் சொல்லலாம். அது ஊர்க்கூட்டத்தில் ஒலிபரப்பாகும். பேரும் வராது, குரலும் தெரியாது என்பது வாக்கு. ஆனால் குரலை மாற்ற வந்த கருவி எல்லாரையும் கிணற்றில் விழுந்த பூதமாகப் பேச வைத்தது, கூட்டம் சிரித்தது. அதனால் என்னைத் துணித்திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். ஒலிபெருக்கி பார்க்கும் ஆனந்த்ராஜ் பதிவை என் காதில் மட்டும் போடுவார். நான் என் சொந்தக் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் மைக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

சொன்னேன். கூட்டம் கொட்டாவி விட்டது. "ஏலே, ரேடியோ நியூஸ நிப்பாட்டிட்டு டீயக் குடுங்கப்பா" என்றான் ஒருத்தன். சின்ன விஷயம்தான். எனக்குத் தைத்துவிட்டது.

அடுத்தது ஒச்சாயியின் பதிவு. பூப்பறித்துப் பிழைக்கும் பெண், கணவன் இல்லை. குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டா கேட்டுப் போன இடத்தில் ஒரு அலுவலர் காசுக்குக் கை நீட்டியதைச் சொல்லியிருந்தாள். பேச்சுக்குப் பேச்சு "எஞ்சாமி" என்று ஓர் இழுப்பு, பிறகு ஒரு மூக்குறிஞ்சல். நான் இழுப்பையும் விடவில்லை, உறிஞ்சலையும் விடவில்லை. கொட்டாவி நின்றது. யாரோ விசும்பினார்கள். விடுவேனா, அவள் சொல்லாத இரண்டு சாபங்களையும் சேர்த்துக்கொண்டேன்.

முன்வரிசையில் அந்த அலுவலர் இருந்தார். திரைக் கிழிசல் வழியே முதலிலேயே பார்த்திருந்தேன். அவர் முகம் மாறியது எனக்குக் கைதட்டல் மாதிரி இருந்தது.

கொஞ்ச நாளில் ஒச்சாயியின் வீடு ஓடைப் புறம்போக்கில் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். பொக்லைன் வந்தது. அதன்பிறகு யாரும் போன் செய்யவில்லை.

உதவி கொடுத்தவர்கள் விசாரணைக்கு ஆள் அனுப்பினார்கள். ஆனந்த்ராஜ் கைதவறி நிஜப் பதிவையே ஒலிபரப்பிவிட்டார் என்று ஊரே சொன்னது. அவர் என்னைக் கைகாட்டினார். "அந்தாளு பொம்பளக் குரல்ல பேசுனாராக்கும்? அவர் புளுக நீயும் நம்புறியாப்பா?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் வேலை போயிற்று. எனக்கு வயதாகிவிட்டது, அவருக்கு வேறு வேலை கிடைக்கும் என்று நினைத்தேன். நியாயமாகத்தான் பட்டது. கிடைக்கவில்லை. காட்டிக்கொடுத்தவனை எந்தக் கல்யாண வீட்டிலும் மைக்செட்டுக்குக் கூப்பிடுவதில்லை.

நேற்று ஆனந்த்ராஜைக் கூட்டிக்கொண்டு கொடைரோட்டுக்குப் போனேன். ஒச்சாயி இப்போது மகள் வீட்டில் ஒண்டியிருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டீயை நீட்டி, "அந்தத் தம்பிக்காகப் பழியத் தூக்கிக்கிறீக. நல்ல மனசுண்ணே. ஆனா புளுகாதீக" என்றாள்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். அன்று பேசியதை அப்படியே பேசினேன். இழுப்பு, உறிஞ்சல், சாபம் இரண்டும். முடித்துக் கண் திறந்தபோது ஆனந்த்ராஜ் தலைகுனிந்திருந்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போதும் என் மனசு ஒரு சபாஷுக்காகத்தான் காத்திருந்தது.

ஒச்சாயி என் வாயையே பார்த்தாள்.

"அன்னிக்குக் கூட்டத்துல கேட்ட அந்த ரெண்டு சாபத்தையும் எப்பச் சொன்னேன்னு எனக்கு ஞாபகமே வரலண்ணே. புத்தி பெரண்டு போச்சோன்னு இம்புட்டு நாளாப் பயந்து கெடந்தேன்" என்றாள். "பேசுனது நீங்கதான்."