அசைஞ்சுட்டார்னு எழுதின தாள்

சிரிக்காதீங்கன்னு சொன்னேன்ல? நீங்க சிரிச்சா கோடும் சேர்ந்து குதிக்குது, கயிறு அறுத்த கன்னுக்குட்டி மாதிரி.

உஹூம், பதில் சொல்லாதீங்க. தலையையும் ஆட்டாதீங்க. உங்க முடிவெட்டற கடையில, தலைய ஆட்டாதேன்னு எத்தனை பேர அதட்டியிருப்பீங்க? இன்னைக்கு உங்க முறை. என் கையில கத்திகூட இல்ல. நெஞ்சுல ஆறு ஒயரு, கைகால்ல நாலு. ஒரே நிமிஷம்.

ஆராய்ச்சிக்கு ஆயிரம் பேரோட இதயத் துடிப்பு வேணுமாம், சும்மா நல்லா நடமாடறவங்களோடது. நீங்க நானூத்திப் பன்னெண்டாவது. வர்றவங்கள்ல பாதிப் பேருக்குச் சும்மா கிடக்கத் தெரியல. ஒருத்தர் தூங்கிக் குறட்டையே விட்டாரு. அவரு தேவல.

அட, மறுபடியும் பாருங்க. கால் விரல ஆட்டறீங்களா? சத்தியமா இல்லையா? குளிருதா? இருங்க, ஃபேன நிறுத்தறேன். கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்... ம், இன்னொரு தடவை எடுத்துக்கலாம். கடை எங்கயும் ஓடிடாது.

சரி.

எங்க அண்ணனும் இதே கட்டில்லதான் படுத்தான். பதினேழாவது ஆளு. என்னைக் கிண்டல் பண்ணாம அவனுக்குச் சோறு இறங்காது. கோடு இப்படியேதான் தாறுமாறா வந்துச்சு. வேணும்னே உடம்பை ஆட்டறான்னு எனக்கு எரிச்சல். தாள்ல அசைஞ்சுட்டார்னு எழுதிக் குப்பையில போட்டேன். எழுந்து போடா, மானத்த வாங்காதேன்னு விரட்டிட்டேன். நான் ஆட்டவே இல்லடீன்னு வாசல் வரைக்கும் சொல்லிட்டே போனான்.

கோணல் அவன் துடிப்புலதான் இருந்திருக்கு. ஒன்பதாம் நாள் இதயத்துல கட்டின ரத்தம் மூளையில போய் அடைச்சுக்கிச்சு. உயிர் பொழைச்சான், பேச்சு பொழைக்கல. இப்ப வீட்டுல நான்தான் அவனைக் கிண்டல் பண்றேன்.

ஐயே, மூஞ்சி ஏன் அப்படிப் போகுது? நேரத்துல பார்த்துட்டா மாத்திரைக்கு அடங்கற சமாச்சாரம் இது. டாக்டரம்மாவுக்குத்தான் அப்பவே ஆள் அனுப்பினேன். படியேறி வந்துட்டிருக்காங்க. அதுவரைக்கும் வளவளன்னு பேசி உங்களப் பிடிச்சு வைக்கணும்ல?

எழுந்திருக்காதீங்க. இப்பப் பேசலாம், தாராளமா. வீட்டம்மா நம்பரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன். அப்படியே காலை நீட்டிக்கோங்க. இந்தச் செருப்ப மட்டும் அந்தப் பக்கம் வச்சிடறேன்.