ஒற்றைவெடித் துவக்கு

புரோசார்ட் என்ற புறநகரிலிருந்து வந்த ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது வெளியே மூடுபனி. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். பின் இருக்கையில் ஒருவர் பக்கத்திலிருந்த பெண்ணிடம் தமிழில் சொன்னார்:

“துவக்குக்கும் மூச்சுவிட இடம் வேணும், தங்கச்சி.”

துப்பாக்கிப் பேச்சு என்றதும் என் தூக்கம் போய்விட்டது.

“அந்தப் பழசோ அண்ணை? இன்னும் விக்கேல்லையே?”

“சுடுற கிளப்பில எல்லாரும் குழலைத்தான் பிழை சொன்னவை. பிழை துவக்கின்ர மரக்கட்டையில. சுடச்சுடக் குழல் சூடாகி, கீழ இருக்கிற கட்டையோட முட்டுது. அதாலதான் வெடி மேல மேல போனது. திருகாணியைக் கொஞ்சம் இளக்கி, இடையில மெல்லிய தோல்துண்டு ஒண்டு வச்சன். இப்ப எல்லாம் குறிக் கடதாசியில ஒரே இடத்தில படுது.”

“சத்தத்துக்கு என்ன செய்யிறியள்? சீனவெடி கேட்டாலே ஊரில விழுந்த ஷெல் எண்டு நினைச்சுக் கட்டிலுக்குக் கீழ பூருற ஆள் நீங்கள்.”

“கிளப்பிலயும் முதல் நாள் ஆரோ சுட, குப்புறப் படுத்திட்டன். வெள்ளைக்காரர் நெஞ்சுவருத்தம் எண்டு நினைச்சு ஓடி வந்தவை.”

இருவரும் மெதுவாகச் சிரித்தார்கள். ரயில் பனிக்குள் மிதந்துகொண்டிருந்தது.

“பேந்து ஏன் அண்ணை அங்க போறியள்? அதுவும் ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு குண்டாப் போடுற துவக்கோட?”

அவர் பாலம் முடிகிற இடத்தில் சொன்னார்:

“ஒண்டு வெடிச்சாப் பேந்து, குழல் ஆறுமட்டும் கண்ணை மூடிக்கொண்டு இருப்பன். நானாப் போடாமல் அடுத்தது வராது.”